நானாவின் சந்தேகப் பெட்டி

எங்கள் வீட்டு பேர்னஸை ஒரு தை மாதக் குளிரில் நிறுத்திவிட்டுப் போன மனிதரோடு எனக்கு எப்படிச் சிநேகம் உண்டானது என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய வீடு அது. வீட்டைச் சூடாக்கும் காஸ் பேர்னஸ் ஒருவிதமாக முனகத் தொடங்கியிருந்தது. சேர்ச்சில் தெரிந்த ஒருவர் இவருடைய நம்பரைத் தந்தார். இவர் வந்தார், பேர்னஸ் முன்னால் குந்தியிருந்தார், உள்ளே ரோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு காஸ் குழாயைப் பூட்டி அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். அந்த அட்டை தொங்கினால், திருத்தி முடியும்வரை அதை ஒருவரும் திறக்கக்கூடாது.

"உள்ளுக்கை வெடிச்சிருக்கோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. வெடிச்சிருக்கலாம்."

"தெரியாமலோ பூட்டுறியள்?"

"தெரியாதபடியாத்தான் பூட்டுறன் தம்பி."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் பிறவியிலேயே அவசரக்காரன். தேத்தண்ணி ஆறமுன் குடித்து நாக்கைச் சுடுகிற ஆள். பிள்ளைகள் இரண்டும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, வாசலில் நின்று அவருக்குக் கேட்கும்படியாகவே திட்டினேன். பின்னேரம் அவர் தன் வீட்டிலிருந்து இரண்டு மின்சார ஹீற்றர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய மனைவி ஒரு சட்டி நிறையக் கஞ்சியோடு வந்தா. மறுநாள் பேர்னஸை முழுவதுமாகக் கழற்றிப் பார்த்தபோது வெடிப்பு ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கமுன் "அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி" என்று சொல்லிக்கொண்டு அட்டையை அறுத்தார். பிழையாக நினைத்துவிட்டோமே என்ற வெட்கம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

அவரும் மன்னார், நானும் மன்னார். அவர் பள்ளிவாசல் பக்கம், நான் மாதா கோயில் பக்கம். ஊரில் ஒருவரையொருவர் கண்டதில்லை. மூத்த ஆண்களை முஸ்லிம் வீடுகளில் நானா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய மனைவியை ராத்தா என்றேன், அக்கா என்பதற்கு அவர்களுடைய சொல். எங்கள் தமிழ்ப் பக்கத்து ஆயுதக்காரர்கள் அவருடைய முஸ்லிம் ஆட்களை உடுத்த துணியோடு ஊரைவிட்டுப் போகச் சொன்ன காலத்தில் நான் ஏற்கெனவே கொழும்புக்கு வந்துவிட்டேன். அவர் தன் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தவர் என்று ராத்தா ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறா. எங்கள் இருவருக்குமிடையில் அந்தக் கதை ஒருநாளும் வந்ததில்லை. அவர் எடுக்கவில்லை, எனக்கு எடுக்கத் தைரியம் இல்லை.

"சந்தேகம் வந்தா விட்டிரு." நானாவின் வாயில் அதிகம் வந்த வசனம் இதுதான். இறைச்சிக் கடையில் முதலாளியின் முகம் ஒரு கணம் தடுமாறினால் போதும், வாங்காமல் வந்துவிடுவார். பாலின் திகதி இன்றோ நாளையோ என்று அழிந்து கிடந்தால் ஊற்றிவிடுவார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், இவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பார். என்னைப்போல ஒருவனுக்கு அவரோடு காரில் போவது ஒரு தவம்.

இதே குணத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. அவரோடு ஒரே வான் வண்டியில் பல வருடங்கள் சேர்ந்து வேலை செய்த ஒரு கூட்டாளி இருந்தார். ஒருநாள் ஏதோ ஒரு வீட்டில் பழைய சாமானைப் புதியது என்று பூட்டிவிட்டாரோ என்று நானாவுக்கு ஒரு எண்ணம். சண்டை இல்லை, விசாரணை இல்லை. அடுத்த நாளிலிருந்து தனியாக வேலைக்குப் போனார். "அவர் பிழை செய்தவரோ நானா?" என்று கேட்டேன். "பிழை எண்டு நான் சொல்லேல்லை. எனக்குச் சந்தேகம் எண்டுதான் சொன்னன்" என்றார். அந்தக் கூட்டாளியைப் பிறகு ஒரு கலியாண வீட்டில் கண்டேன். நானா இருந்த மேசையை அவர் பார்த்த பார்வை எனக்கு அன்று சாப்பாட்டை இறங்க விடவில்லை.

வேட்டை எங்களுக்குள் வந்தது ஒரு கிழவியால். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஜெர்மன்காரப் பெண்மணி. நானாதான் அவவின் பேர்னஸைப் பார்ப்பார். புருஷன் விட்டுப்போன பழைய வேட்டைத் துவக்கு ஒன்று அவவிடம் இருந்தது. வோல்நட் மரப் பிடியில் இலை செதுக்கிய அழகான சாமான். லைசென்ஸ் எடுத்தால் தருகிறேன் என்றா. நானா வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தார். தனியாகக் காட்டுக்குப் போக ராத்தா விடமாட்டா என்பதால் என்னையும் எடுக்க வைத்தார்.

என் மனைவி வீட்டை இரண்டாக்கினாள். "ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து தேடிப் போய்க் கேக்கப்போறியளோ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடைய தம்பி ஒரு துவக்குச் சன்னத்தில்தான் போனவன். துவக்கு நானா வீட்டு இரும்பு அலுமாரியிலேயே இருக்கும், எங்கள் வாசற்படி மிதிக்காது என்று சத்தியம் செய்த பிறகுதான் ஒருமாதிரி ஒத்துக்கொண்டாள்.

அந்தத் துவக்கில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் குழல் பழைய அளவு. அதே பெயரில் இன்று கடையில் விற்கிற ரவைகளின், அதாவது தோட்டாக்களின், முனையிலுள்ள சன்னம் ஒரு தடித்த காகிதத்தின் அளவு பருத்தது. அந்தப் பருமனை அந்தக் குழலுக்குள் வெடிக்க வைத்தால் துவக்குக்கும் கூடாது, பிடித்திருக்கிறவனுக்கும் கூடாது. மெலிந்த சன்னம் தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே பருத்ததை வாங்கி, உருக்கில் செய்த அச்சுத் துளைக்குள் தள்ளி மெலிய வைத்து, பிறகு பித்தளைக் கோதும் வெடிமருந்தும் சேர்த்து ரவையாக்க வேண்டும். கனடாவில் இதையெல்லாம் வீட்டில் செய்கிறவர்கள் ஏராளம். நானா தன் கராஜின் மூலையில் ஒரு சிறிய பிரஸ்ஸைப் பூட்டினார்.

சன்னம் என்றால் நான் அதுவரை வெறும் ஈயக் குண்டு என்று நினைத்திருந்தேன். வெளியே செம்புக் கவசம், உள்ளே ஈயம். ஆட்டு ரோமத்தில் எடுத்த ஒரு களிம்பை விரலால் தொட்டுப் பூசி, அச்சில் வைத்து, பிரஸ்ஸின் நெம்பை இறக்கினால் மறுபக்கம் மினுங்கிக்கொண்டு வெளியே வரும். அதை நானா ஒரேயடியாகச் செய்யவிடமாட்டார். முதலில் கொஞ்சம் பெரிய துளை, பிறகு சரியான துளை என்று இரண்டு தரம் தள்ள வேண்டும்.

"ஈயம் அமத்தினா அமந்தபடி கிடக்கும்" என்பார். "செம்பு அப்பிடியில்லை, கொஞ்சம் திரும்பி வரும். நீ அவசரப்பட்டு ஒரே தள்ளாத் தள்ளினா, ரெண்டும் உள்ளுக்கை பிரிஞ்சு போயிரும். வெளியாலை பாத்தா வடிவாத்தான் இருக்கும்."

மெலிந்த சன்னத்தைத் துடைத்து, மைக்ரோமீற்றரில் அளந்து, தராசில் வைத்துப் பார்த்து, கடைசியில் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுவார். உள்ளே ஈயம் ஆடுகிறதா என்று கேட்கிறாராம். உண்மையில் ஏதாவது கேட்குமோ என்று எனக்கு ஐமிச்சம். ஆனால் கண்ணை மூடி, தலையைச் சரித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு அவர் கேட்பதைப் பார்த்தால் நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். மனதுக்குத் திருப்தி இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற பேரீச்சம்பழப் பெட்டிக்குள் போடுவார். அதற்கு நான் வைத்த பெயர் சந்தேகப் பெட்டி. போனது போனதுதான், அதிலிருந்து ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

"பாதியை வீணாக்கிறியள்" என்று நான் புறுபுறுப்பேன்.

"மான் எனக்கு ஒரு குற்றமும் செய்யேல்லை" என்பார். "அல்லாவின்ர பேரைச் சொல்லி விடுற சன்னம். அது சரியாப் போகோணும். அது துடிச்சுக்கொண்டு ஓடினா, நான் சொன்ன பேருக்கு என்ன மரியாதை?"

கார்த்திகையில் செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வடக்கே போவோம். மரத்தடியில் பனி மூடிய கட்டையில் இருவரும் இருப்போம். அவர் சுட்டதை விடச் சுடாமல் விட்டதே அதிகம். ஒரு கிளை குறுக்கே நின்றால் சுடமாட்டார். மான் கொஞ்சம் திரும்பி நின்றால் சுடமாட்டார். சுடுகிறபோது வாய் திறந்து 'பிஸ்மில்லாஹ்' என்பது பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் சுட்டு இரண்டாம் அடி வைத்த மானை நான் கண்டதில்லை. இறைச்சியைத் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பார். என் மனைவிகூட மிளகு போட்டு வறுத்துவிட்டு, துவக்கைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடுவாள்.

கடைசியாக நாங்கள் போன வருடம் அவருக்குத் தோள்மூட்டில் நோவு. நெம்பு இழுக்க முடியவில்லை. "இந்தமுறை நீ தள்ளு தம்பி, நான் பாக்கிறன்" என்றார். பாதியில் பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. என்னைக் கராஜில் விட்டுவிட்டு உள்ளே போனார். நான் தனியாக இருந்தேன். வாழ்க்கையில் அவசரப்படாத நேரம் எனக்கு உண்டென்றால் அது அந்த நேரம்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் தள்ளினேன். அவர் என்னை நம்பி விட்டுப் போனது எனக்குப் பெருமையாக இருந்தது. வந்து எல்லாவற்றையும் அளந்தார், ஆட்டிப் பார்த்தார், சிலதை ஒதுக்கினார். பிறகு அவரே ரவையாக்கினார்.

அந்தமுறை மான் தெளிவாக நின்றது. கிளை இல்லை, காற்று இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டார். மான் ஒருமுறை மடிந்து எழுந்து ஓடியது.

பனியில் இரத்தம் பார்த்துப் பார்த்துப் போனோம். விழுந்த இடங்களில் பனி உழக்கிக் கிடந்தது. எழும்பி, விழுந்து, திரும்பவும் எழும்பி ஓடியிருக்கிறது. நானா முன்னால் குனிந்தபடி நடந்தார். மத்தியானம் தாண்டித்தான் கண்டோம். ஓர் ஓடையின் விளிம்பில் தலை தண்ணீருக்குள் கிடந்தது. நானா முழங்காலில் இருந்து அதன் கழுத்தைத் தடவினார். தோலை உரித்தபோது செம்புக் கவசம் தோலுக்குக் கீழேயே சுருண்டு கிடந்தது. ஈயம் வேறெங்கோ போய்விட்டது. உள்ளுக்குள் பிரிந்த சன்னம்.

அவர் அந்தச் செம்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ரெண்டு தரம் தள்ளினியா?"

"ஓம் நானா. எல்லாத்தையும்."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். "இது எனக்கு ஆகாது. சன்னத்தாலை செத்துதோ தண்ணியிலை மூச்சடைச்சுச் செத்துதோ தெரியாது. நீ கொண்டு போ. வீணாக்கக்கூடாது" என்றார். நோகிற தோளோடு எனக்கு வெட்டித் தந்தார். ரொறன்ரோ வரும்வரை காரில் ரேடியோகூடப் போடவில்லை.

அதன்பிறகு அவர் என்னை அழைக்கவில்லை. நான் போன் எடுத்தால் ராத்தா எடுப்பா. "தொழுறார்" என்பா, "படுத்திட்டார்" என்பா. ஒரு சனிக்கிழமை நேரே போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். "நானா" என்றேன். திரும்பினார். "பிறகு கதைப்பம் தம்பி, இண்டைக்கு ஏலாது" என்று கதவை இறக்கினார்.

அந்தக் கூட்டாளியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. எனக்கும் அதே கதிதான் என்று விளங்கிவிட்டது. பிழை என்று சொல்லவில்லை, சந்தேகம், அவ்வளவுதான். அவசரக்காரன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால் என்னை அரித்தது வேறொன்று. தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்த மனிதருக்கு என்னைப்போன்ற ஒருவனை நம்புவது எவ்வளவு பாடாக இருந்திருக்கும்? இத்தனை வருடமும் நம்பினார். ஒரு செம்புத் துண்டில் அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதனாலேயே இன்னொருமுறை போய்க் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. குளிர்பெட்டியில் கிடந்த அந்த இறைச்சியைக் கோபத்தோடு சமைக்கச் சொல்லி, கோபத்தோடு சாப்பிட்டேன்.

"போய்க் கேளுங்கோவன். வாய் இல்லையோ?" என்றாள் மனைவி.

"அவருக்கு வாய் இல்லையோ?" என்றேன் நான்.

பேர்னஸ் திருத்த வேறு ஆள் வந்தான். மூன்று குளிர்காலம் போய்விட்டது.

சென்ற வைகாசியில் நானாவின் மகள் அழைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "அங்கிள், வாப்பா இஸ் நொட் டூயிங் வெல். உம்மா உங்களை வரச் சொல்றா. ப்ளீஸ், டோண்ட் பி மேட்" என்றாள். அவர்கள் வீட்டை விற்றுவிட்டு றிச்மண்ட் ஹில்லில் அவளோடு போய் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பேவியூ வீதியில் கோயிலுக்கு வந்த கார்கள் தெருவை அடைத்து நின்றன. வழக்கமாக நான் அந்த நெரிசலில் கத்துவேன். அன்று எவ்வளவு தாமதமானாலும் நல்லது என்று இருந்தது.

வாசலில் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டா. உள்ளே கூட்டிப்போகாமல் முதலில் படியிலேயே இருத்தினா.

"அவருக்கு மறதி வருத்தம் தம்பி. அந்த வேட்டைக்கு முன்னாடியே தொடங்கிட்டுது. டொக்டர் சொன்னது எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்ல விடல்ல."

"நாங்கள் கடைசியாப் போன வேட்டையோ ராத்தா?" என்றேன்.

"அண்டைக்கு மான் ஓடின பிறகு வீட்ட வந்து கராஜுக்குள்ள போனார். அந்தப் பேரீச்சம்பழப் பெட்டி வெறுமையாக் கிடந்திச்சாம். 'நான் எறிஞ்சனா, நல்லதோட கலந்தனா' எண்டு என்னைக் கேக்குறார். எனக்கெப்பிடித் தெரியும்? விடிய விடிய அந்தப் பெட்டிய மடியில வெச்சிக்கிட்டு இருந்தார். அந்த மாசமே காஸ் வேலைய விட்டார், காரை விட்டார், துவக்கையும் குடுத்தார். சந்தேகம் வந்திட்டு எண்டார்."

"என்னிலைதானே ராத்தா?"

"உங்களிலயா?" அவ என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. "தன்னில தம்பி. உங்கள அவர் எப்ப சந்தேகப்பட்டார்? நீங்க வந்தா ரெண்டு கேள்வியில அவரோட மறதியக் கண்டுபிடிச்சிருவீங்களெண்டு பயம். அவன் என்னை நல்ல மூளைக்காரனெண்டு நினைச்சிருக்கிறான், அப்பிடியே நினைச்சிட்டுப் போகட்டும் எண்டார்."

எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று வருடத்தில் ஒருநாள் இந்த மனிதர் என்னைக் கேட்டிருக்கலாமே, அந்தப் பெட்டி எப்படி வெறுமையானது என்று இருவருமாக யோசித்திருக்கலாமே, மானைப்போல என்னையும் ஓடவிட்டாரே என்று. பிறகு, கதவை இறக்கிய அந்தக் கையும் 'இண்டைக்கு ஏலாது' என்ற குரலும் நினைவுக்கு வந்தன. நான் ஏன் இரண்டாம் தரம் கதவைத் தட்டவில்லை என்று என்னிடமே கேட்டேன். படியிலேயே இருந்து அழுதேன். ராத்தா தன் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

"உள்ளுக்கு வாங்க. அவர் ஏதும் சொன்னா மனசில எடுக்காதீங்க. இப்ப ஒருத்தரையும் நம்புறாரில்ல. மருமகன் குடுத்த தேத்தண்ணியக்கூடக் குடிக்கிறாரில்ல. கவனிக்க வாற பிள்ளையிட்ட, நீ ஆர், ஆர் அனுப்பினது எண்டு கேட்டுக்கிட்டே இருப்பார்."

ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தது. நான் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தேன். ராத்தா குனிந்து, "இவர் ஆரெண்டு தெரியுதா?" என்றா.

அவர் என்னைப் பார்த்தார். தலையைச் சற்றுச் சரித்து, அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து தொடங்கிக் கைவரைக்கும் பார்த்தார். அப்படி அவர் பார்த்தால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பரீட்சை முடிவுக்கு நிற்பவன்போல இருந்தேன். ஐம்பது தாண்டியவன் நான், எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"தெரியாது" என்றார்.

ராத்தாவின் கை என் தோளில் இறுகியது.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆரெண்டு தெரியாது" என்று ராத்தாவிடம் மறுபடி சொன்னார், "ஆனா இவரிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

மூன்று குளிர்காலம் நான் காத்திருந்த பதில் அது. சொன்னவருக்குத்தான் நான் யாரென்று தெரியவில்லை.